அடுத்த ஸ்டேஷனில் ஓர் அரண்மனை

சிந்தாதிரிப்பேட்டைக்காரர்களிடம் அரண்மனை பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டுப் பாருங்கள். வரிசையாகச் சொல்வோம். ஞாயிற்றுக்கிழமை விளக்கு போடுவார்கள் என்று நாள் பார்த்து மைசூர் போயிருக்கிறோம். மதுரைக்குக் கல்யாணத்துக்குப் போன இடத்தில் திருமலை நாயக்கர் மகால் தூணைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்திருக்கிறோம். கன்னியாகுமரி டூரில் வேன்காரர் பத்மநாபபுரத்தில் நிறுத்தியிருக்கிறார். ஜெய்ப்பூர் போய் வந்தவர்கள்கூட நம் தெருக்களில் உண்டு. சேப்பாக்கம் அரண்மனை பார்த்தாயிற்றா என்று கேட்டால் மட்டும் கொஞ்சம் முழிப்போம். "எது, அந்த பி.டபிள்யூ.டி. ஆபீஸா?"

அந்தப் பதிலுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இதில் அரசாங்கத்தைத் திட்டுவது நோக்கமில்லை. அதற்குச் சேப்பாக்கம் விருந்தினர் மாளிகை அருகே மைக் செட்டும் கொடியுமாக அன்றாடம் ஆள் கூடுகிறது. நாமும் அங்கே போய் நின்று கோஷம் போட்டிருக்கிறோம். கோஷம் போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே இருநூற்றைம்பது வருஷத்துக் கட்டடம் ஒன்று கூரை ஒழுகி, சுவரில் அரசமரம் முளைத்து நின்றது. அதற்காக நம்மில் யாரும் ஒரு வாய் திறந்ததில்லை.

தூரம் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. பறக்கும் ரயிலில் சிந்தாதிரிப்பேட்டைக்கு அடுத்த ஸ்டேஷன் சேப்பாக்கம். 1995-ல் அந்தப் பாதை முதலில் திறந்தபோதே கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரைதான் ஓடியது. 2023 ஆகஸ்டில் நான்காவது தண்டவாளம் போடுவதற்காகக் கடற்கரைப் பக்கம் மூடினார்களே, அப்போது ஒரு வருஷத்துக்கும் மேலாக வண்டி நம் ஸ்டேஷனிலிருந்துதான் கிளம்பியது. ஊரே மாடி ஏறி இறங்கி நம் பேட்டைக்கு வந்து வேளச்சேரி வண்டி பிடித்தது. அப்படி ஏறியவர்களுக்கு முதல் நிறுத்தமே ஒரு நவாபின் தோட்டத்தில். நடந்து போனாலும் பெரிய நடையில்லை. அண்ணா சாலையைக் கடந்து, வாலாஜா சாலையில் கடலைப் பார்த்து நடந்தால் ஸ்டேடியம் தாண்டியதும் வந்துவிடும்.

போகாமலும் இல்லை. அதுதான் கூடுதல் வெட்கம். நில விவகாரம், நின்றுபோன பென்ஷன், மாற்றல் உத்தரவு, கான்ட்ராக்ட் பில் என்று ஏதோ ஒரு ஃபைலைத் துரத்திக்கொண்டு அரண்மனைக்கு முன்னால் நிற்கும் எழிலகம் அரசு அலுவலகங்களுக்கும் அவற்றின் பின்கட்டுக்கும் போகாத குடும்பம் நம்மிடையே குறைவு. கேட்டில் நுழைவோம், செக்ஷன் எங்கே என்று கேட்போம், படி ஏறுவோம், "சார் லஞ்சுக்குப் போயிருக்கார்" என்பதைக் கேட்டுவிட்டு டீக்கடைக்குத் திரும்புவோம். குவிமாடத்தின் நிழலில் நின்று டீ குடிப்போம். நிமிர்ந்து பார்த்ததில்லை. ஸ்டேடியத்தில் டிக்கெட்டுக்காக விடிய விடிய வரிசையில் நின்ற தலைமுறையும் நாம்தான். அந்த மைதானம் அரண்மனைத் தோட்டத்திலிருந்து பிரிந்த நிலம் என்பதும், மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் அங்கே 1866-லேயே பெவிலியன் போட்டுவிட்டது என்பதும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1952-ல் இந்தியா முதல் டெஸ்ட் வெற்றி பெற்றது அங்கேதான் என்பது மட்டும் மனப்பாடம்.

பார்க்காமல் விட்டது எதை என்றாவது தெரிந்துகொள்வோம்.

நம் பேட்டை 1734-ல் பிறந்தது. கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட், சுங்குராமச் செட்டியின் தோட்டமாக இருந்த நிலத்தில், கூவம் வளைந்து ஓடும் இடத்தில், கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் துணி நெய்துதர ஒரு நெசவாளர் குடியிருப்பை ஏற்படுத்தினார். நூல் நூற்பவர்கள், நெய்பவர்கள், சாயம் தோய்ப்பவர்கள், வெளுப்பவர்கள் என்று ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். அதற்கு முப்பத்துநான்கு வருஷம் கழித்து, 1768-ல், கிழக்கே கடலோரத்தில் அரண்மனை எழுந்தது. கர்நாடக நவாப் முகம்மது அலி கான் வாலாஜா ஆற்காட்டை விட்டுவிட்டுக் கம்பெனியின் பீரங்கிகளுக்குப் பக்கத்தில் இருக்க விரும்பினார். செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள்ளேயே மாளிகை கட்டிக்கொள்ளும் யோசனைகூட முதலில் இருந்தது. கோட்டைக்குள் இன்றும் இருக்கும் பேலஸ் தெரு அதன் மிச்சம். அது கைகூடாமல் போகவே சேப்பாக்கத்தில் 117 ஏக்கர் வளைத்து மதில் எழுப்பினார். உள்ளே இரண்டு கட்டடங்கள். மாடியும் சின்னச் சின்னக் குவிமாடங்களுமாகக் கலச மகால், நவாப் குடியிருந்தது. ஹுமாயூன் மகாலில் தர்பார். அப்போது துறைமுகம் கிடையாது, அதனால் மெரினாவில் இத்தனை மணலும் கிடையாது. கடல் மிக அருகில் இருந்தது.

கட்டியவர் பால் பென்ஃபீல்ட் என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். கம்பெனியில் எஞ்சினியராக 1764 வாக்கில் மதராஸ் வந்தவர். கோட்டைச் சுவர் வேலையைக் காண்ட்ராக்ட் எடுத்துப் பணம் பார்த்தார். பார்த்த பணத்தை வட்டிக்கு விட்டார். அவரிடம் வாங்கிய பெரிய புள்ளி நவாபேதான். இஸ்லாமியக் கட்டடக்கலையின் வளைவுகளையும் குவிமாடங்களையும் ஐரோப்பியத் திட்டத்தோடு சேர்த்த இந்தோ-சாராசெனிக் பாணிக்கு இந்தியாவிலேயே முதல் கட்டடம் இதுதான் என்று சொல்லும் வரலாற்றாளர்கள் இருக்கிறார்கள். மைசூர் அரண்மனை, நம் ஹைகோர்ட், எழும்பூர் ஸ்டேஷன் எல்லாம் அந்த வம்சம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது கடன் கதை. வீடு கட்டிக்கொடுத்தவரே கடன்காரராகவும் இருந்தால் என்ன நடக்கும் என்பதை ஆட்டோ ஃபைனான்ஸ் தெரிந்த புதுப்பேட்டைப் பக்கத்து ஆட்களான நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

நவாப் கடனுக்குப் பணமாகத் தரவில்லை. ஜில்லா வருமானத்தை எழுதிக் கொடுத்தார். கடன்காரர்கள் அந்த ஜில்லாவில் போய், விளைந்ததையும் விளையப்போவதையும் சேர்த்து வசூல் செய்தார்கள். 1773-ல் கம்பெனிப் படையின் உதவியோடு தஞ்சாவூரையே நவாப் பிடித்தார். தஞ்சாவூர் வருமானமும் அடமானத்துக்குப் போயிற்று. லண்டனிலிருந்து இரண்டாம் முறை கவர்னராக வந்த பிகட் பிரபு, 1776-ல் தஞ்சாவூரை அதன் ராஜாவுக்கே திருப்பிக் கொடுத்தார். உடனே பென்ஃபீல்ட் எழுந்து, தஞ்சாவூர் விளைச்சலில் எனக்குப் பாத்தியதை இருக்கிறது என்றார். கவுன்சில் இரண்டாகப் பிளந்தது. 1776 ஆகஸ்ட் 24-ஆம் தேதி, கவர்னரையே அவருடைய கவுன்சில்காரர்கள் கைது செய்தார்கள். காவலில் இருந்தபடியே 1777 மே மாதம் பிகட் இறந்துபோனார். இறந்தது நம் பேட்டைக்கு எதிரே, இன்றைய ஓமந்தூரார் தோட்டத்தில் இருந்த கம்பெனித் தோட்ட வீட்டில்.

1785 பிப்ரவரியில் லண்டன் பாராளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் எழுந்து ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசினார். பென்ஃபீல்டைப் பெயர் சொல்லிக் கிழித்தார்.  கடைசியில் பென்ஃபீல்டும் தேறவில்லை. 1810-ல் பாரிஸில் வறுமையில் செத்தார். ஆக, காவிரிக் கரையில் நெல் அறுத்தவன் வயிற்றிலிருந்து லண்டன் பாராளுமன்றம் வரை போகும் ஒரு சங்கிலியின் கண்ணி, நாம் டீ குடித்த இடத்தில் இருக்கிறது. நம் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் கர்நாடகப் போர்கள் வரும். ஆண்டு கேட்பார்கள், எழுதுவார்கள், மார்க் வாங்குவார்கள். நவாப் எங்கே இருந்தார் என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. எந்த அப்பாவும் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் காட்டியதில்லை.

வாலாஜா 1795-ல் இறந்தார். அவர் மகன் 1801-ல் மரணப் படுக்கையில் கிடந்தபோதே கம்பெனிச் சிப்பாய்கள் அரண்மனைக்குள் வந்து நின்றுவிட்டார்கள். அதே மாதம் புதிய நவாபோடு ஒரு உடன்படிக்கை. ஆட்சி முழுக்கக் கம்பெனிக்கு, பட்டமும் பென்ஷனும் நவாபுக்கு. 1855-ல் கடைசி நவாப் குலாம் கௌஸ் கான் வாரிசில்லாமல் இறந்ததும் பட்டமும் போயிற்று. 1859-ல் கடனுக்காக அரண்மனை ஏலத்துக்கு வந்தது. மதராஸ் அரசாங்கமே எடுத்தது. மதில் போனது. ரெவின்யூ போர்டும் மராமத்து இலாகாவும் வந்து உட்கார்ந்தன. ராபர்ட் சிஷோம் இரண்டு மகால்களுக்கும் நடுவே ஒரு கோபுரத்தை எழுப்பிக் கட்டடங்களை ஒன்றாக்கினார். நவாப் குடும்பத்துக்கு 1867-ல் ஆற்காட்டு இளவரசர் என்ற பட்டம் கிடைத்தது. 1876-ல் ராயப்பேட்டை அமீர் மகாலுக்குக் குடிபோனார்கள். இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள்.

இந்த சிஷோமைப் பற்றி ஒரு வார்த்தை. அவரை மதராஸில் தூக்கிவிட்டவர் 1866 முதல் 1872 வரை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு. மதுரையில் பாழாகிக் கிடந்த திருமலை நாயக்கர் மகாலைப் பழுதுபார்க்கச் சொல்லி அனுப்பியவரும் அவர். போய்ப் பழுதுபார்த்தவர் சிஷோம். நாம் மதுரையில் கட்டிப்பிடித்துப் படம் எடுத்த தூண் நின்றதற்கு அந்த இருவரும் ஒரு காரணம். நேப்பியர் பேரில் நம் பேட்டையிலேயே ஒரு பூங்கா இருந்தது, நேப்பியர் பார்க். இப்போது மே தினப் பூங்கா. நம் வீட்டுக் கிழவர்கள் வெகுநாள் பழைய பேரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காலையில் வாக்கிங், சாயங்காலம் அரட்டை என்று அந்தப் பூங்காவில் காலத்தைக் கழித்த நமக்கு, அதன் பழைய பேர்க்காரர் வளர்த்துவிட்ட ஆளின் கோபுரம் ஒரு ஸ்டேஷன் தள்ளி நிற்பது தெரியாது.

ஏன் தெரியாமல் போயிற்று? நாம் சொல்லும் சாக்குகள் எல்லாம் எனக்குத் தெரியும்; நானும் சொன்னவைதான். கவர்மென்ட் இடம், உள்ளே விட மாட்டார்கள் என்போம். கேட்டுப் பார்த்தோமா? ஃபைலோடு போனால் விடுகிறார்கள். கட்டடத்தைப் பார்க்க வேண்டும் என்று போய் நின்றிருந்தால் வாட்ச்மேன் என்ன சொல்லியிருப்பார் என்று சோதித்துப் பார்த்த ஆள் யாரும் இல்லை. வெளியிலிருந்து தெரியவில்லையே என்போம். உண்மைதான், எழிலகத்தின் அடுக்குகள் முன்னால் எழும்பிய பிறகு கடற்கரைச் சாலையில் போகிறவனுக்கு அரண்மனை கண்ணில் படுவதில்லை. அந்த அடுக்குகள் எழும்பியபோது அதைத் தடுக்கச் சொல்லிக் கேட்டவர்களில் நம் பேட்டையின் சங்கமோ மன்றமோ எதுவும் இருந்ததாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இன்னொரு சாக்கு உண்டு. அதை வெளியே சொல்ல மாட்டோம். நவாப் துலுக்கர், கட்டியவன் வெள்ளைக்காரன், ஆபீஸ் ஆக்கியது அரசாங்கம். இதில் நமக்கு என்ன என்பதுதான் அது. அது அவர்கள் சமாசாரம் என்று ஒதுங்கினோம். அவர்கள் என்று நாம் நினைத்தவர்கள் 1876-லேயே ராயப்பேட்டைக்குக் குடிபோய்விட்டார்கள். ஆக, சேப்பாக்கம் அரண்மனையைத் தம்முடையது என்று சொல்ல இந்த ஊரில் ஆளே இல்லாமல் போனது. கோயில் என்றால் டிரஸ்டி, பள்ளிவாசல் என்றால் ஜமாத், சர்ச் என்றால் பாஸ்டரேட் கமிட்டி. ஆபீசுக்கு யார்? கூரையைத் தாங்கும் உத்திரத்தில் கரையான் ஏறினால், "மேலே எழுதியிருக்கிறோம்" என்று சொல்ல ஒரு குமாஸ்தா.

அவர்கள், நாம் என்ற பிரிவே அந்தக் காலத்தில் இவ்வளவு கெட்டியாக இருந்ததில்லை என்பதற்குத் தடயம் திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் இருக்கிறது. வாலாஜா பெரிய பள்ளிவாசல், 1795-ல் கட்டியது. அதில் கல்லில் பொறித்திருக்கும் பாரசீகக் காலக்குறிப்புச் செய்யுளை இயற்றியவர் ராஜா மக்கன் லால், நவாபிடம் வேலை பார்த்த இந்துப் புலவர். மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயில் குளத்து நிலம் நவாப் கொடுத்தது என்ற பேச்சு மயிலாப்பூர் மாடவீதிகளில் இன்றும் இருக்கிறது. மொகரத்துக்கு அந்தக் குளத்தில் முஸ்லிம்களுக்கு உரிமை உண்டு என்பதும் அதோடு சேர்ந்தே வரும். இதெல்லாம் தெரிந்த பெரியவர்கள் நம் தெருக்களில் இருந்தார்கள். அவர்களிடம் உட்கார்ந்து கேட்க நமக்குப் பொழுதில்லை. எஸ். முத்தையா பல பத்தாண்டுகள் இந்த ஊரின் கட்டடங்களைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்தார். 2019-ல் அவர் போய்ச் சேர்ந்தார். அவர் இங்கிலீஷில் எழுதியதால் படிக்கவில்லை என்றோம். நரசய்யா தமிழிலேயே 'மதராசபட்டினம்' எழுதினார். அதையும் நம் வீடுகளில் பார்க்க முடியவில்லை.

2012 ஜனவரி. பொங்கல் விடுமுறை. நள்ளிரவில் கலச மகாலில் தீப்பிடித்தது. தொழில் வணிகத் துறை, சமூக நலத் துறை என்று அலுவலகங்கள் இருந்த கட்டடம். கட்டுக்கட்டாகக் காகிதம், பழைய தேக்கு. தீயை அணைக்க உள்ளே போனவர்கள் மேல் கூரை இடிந்து விழுந்தது. தீயணைப்பு நிலைய அலுவலர் ஒருவர் இறந்தார். பெண் அதிகாரி ஒருவர் படுகாயம் அடைந்தார். அதன் பிறகு நாம் என்ன செய்தோம்? காணும் பொங்கலுக்கு மெரினா போனோம். போகிற வழியில் நின்று எட்டிப் பார்த்தோம். எந்தெந்த ஃபைல் எரிந்தது, யார் எரித்திருப்பார்கள் என்று ஊகம் பேசினோம். எரிந்தது 1768-ல் கட்டிய வீடு என்ற எண்ணம் பேச்சில் வந்ததாக நினைவில்லை. இறந்த மனிதரின் பேரைக் கேட்டால் நம்மில் பெரும்பாலோர் சொல்ல மாட்டோம். அரண்மனைக்காக உயிர் கொடுத்தவர்கள் என்று கதைகளில் வாசித்திருக்கிறோம். நம் காலத்தில், நம் பக்கத்தில் அப்படி ஒருவர் போனார்.

பிறகு அந்த எரிந்த கூட்டை இடித்துவிடலாம் என்ற பேச்சு வந்தது. பாரம்பரியக் கட்டடங்கள்மேல் அக்கறை கொண்ட ஒரு சிறு கூட்டம் எதிர்த்தது. அதில் கட்டடக் கலைஞர்கள் இருந்தார்கள், வரலாற்று ஆர்வலர்கள் இருந்தார்கள். அடையாற்றிலிருந்தும் மயிலாப்பூரிலிருந்தும்கூட வந்தார்கள். ஒரு ஸ்டேஷன் தள்ளி இருந்த நாம் பத்திரிகையில் படித்தோம். கலச மகால் தப்பியது. பொதுப்பணித் துறை சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம் என்று பழைய பக்குவத்துக்குத் திரும்பி, பழைய முறையிலேயே கூரை போட்டுக் கட்டடத்தை எழுப்பியது. திட்டக்கூடாத இடத்தில் திட்டக்கூடாது. வேலை நன்றாகவே நடந்திருக்கிறது. இன்று அங்கே தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. நம் பேட்டையைச் சுற்றி ஓடும் கூவத்தைப் பற்றிய வழக்குகளும் அந்தத் தீர்ப்பாயத்தின் முன்தான் வருகின்றன. கூவத்தை என்ன செய்தோம் என்பது தனி வாக்குமூலம். அதை இங்கே இழுத்தால் இடம் போதாது.

ஹுமாயூன் மகாலுக்கு இன்னும் மோசமான காலம் இருந்தது. கூரை பல இடங்களில் உட்கார்ந்தது. அலுவலகங்கள் காலி செய்தன. தர்பார் நடந்த இடத்தில் மரங்கள் வேர் விட்டன. வருஷக்கணக்கில் அப்படியே கிடந்தது. மெட்ராஸ் டெரஸ் கூரை என்றால் என்ன என்று நமக்குத் தெரியாததில்லை. தேக்கு உத்திரம், அதன்மேல் நெருக்கமாகக் குத்திட்ட செங்கல், சுண்ணாம்புக் கலவை, மேலே ஓடு. அருணாசலத் தெருவிலும் ஐயா முதலித் தெருவிலும் நம் பாட்டன்மார் வீட்டு மாடிகள் அப்படித்தான் இருந்தன. மழைக்கு முன்னால் விரிசலை அடைக்காவிட்டால் உத்திரம் உளுத்துப்போகும் என்று நமக்குச் சிறுவயதிலேயே தெரியும். அந்த வீடுகளை நாம் என்ன செய்தோம்? திண்ணையோடு இடித்து, கீழே பார்க்கிங் விட்டு, மூன்று மாடி எழுப்பி வாடகைக்கு விட்டோம். சொந்த வீட்டுக்கே அந்தக் கதி என்றால் நவாப் வீட்டைக் கேட்பானேன். இடித்ததில் எல்லாமே தப்பு என்று நான் சொல்லவில்லை. நாலு பிள்ளைகளுக்குப் பாகம் பிரிக்கும்போது திண்ணையைப் பிரிக்க முடியாது. ஆனால் ஒரு படமாவது எடுத்து வைத்தோமா?

இடிபடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கும் பழக்கம் நமக்குச் சொந்த வீடுகளிலேயே வந்திருக்க வேண்டும். பிகட் பிரபு இறந்த அந்தத் தோட்ட வீடு பின்னால் கவர்னர்களின் அரசினர் இல்லம் ஆயிற்று. அந்தத் தோட்டத்தின் பேரைத்தான் பக்கத்து மெட்ரோ ஸ்டேஷன் சுமக்கிறது. புதிய சட்டமன்ற வளாகம் கட்ட அந்த வீட்டை 2008-ஐ ஒட்டி இடித்தார்கள். நம் மாடியிலிருந்து புழுதி தெரிந்தது. சட்டமன்றம் 2010-ல் வந்தது, போனது. இப்போது அது பல்நோக்கு உயர்சிறப்பு மருத்துவமனை. நல்ல ஆஸ்பத்திரி, நாமே போகிறோம். எட்வர்ட் கிளைவ் காலத்து ராஜாஜி மண்டபம் மட்டும் பக்கத்தில் தனியாக மிச்சம். தலைவர்கள் இறந்தால் அஞ்சலி செலுத்தப் படியேறுவோம், அவ்வளவுதான் அதோடு நமக்குள்ள உறவு. அண்ணா சாலையிலேயே நவாப் குடும்பத்து உம்தா பாக் இருந்தது. மதரஸா-ஏ-ஆஸம் பள்ளி நடந்த மாளிகை. அதுவும் பாழடைந்து, கடைசியில் இடிபட்டது. பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தோம்.

சட்டமும் நம்மைப் போலவே நிதானமாக நடந்தது. கலச மகால் எரிந்த அதே 2012-ல் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வர ஏறத்தாழப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் எத்தனை தேர்தல், எத்தனை பேர் நம் வாசல்படி ஏறி ஓட்டுக் கேட்டார்கள். தண்ணீர், சாக்கடை, பட்டா எல்லாம் கேட்டோம். கேட்க வேண்டியவைதான். இந்தச் சட்டம் என்ன ஆயிற்று என்று யாரிடமும் கேட்டதில்லை.

மைசூருக்கு மறுபடி வருகிறேன், அது உறுத்துகிறது. மைசூரில் பழைய மர அரண்மனை 1897-ல் ஒரு கல்யாணத்தின்போது தீப்பிடித்து எரிந்தது. உடனே புதிதாகக் கட்டக் கூப்பிட்டது மதராஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஹென்றி இர்வினை. ஹைகோர்ட்டைக் கட்டி முடித்தவர், சட்டக் கல்லூரி, கன்னிமாரா நூலகம் கட்டியவர், எழும்பூர் ஸ்டேஷன் வடிவமைப்பில் பங்கு கொண்டவர். 1912-ல் மைசூர் அரண்மனையை முடித்துக் கொடுத்தார். நாம் சென்ட்ரலில் காவேரி எக்ஸ்பிரஸ் ஏறி, ராத்திரி முழுக்கப் பயணம் செய்து, வரிசையில் நின்று டிக்கெட் வாங்கி, செருப்பைக் கழற்றி வைத்து, நம் ஊர்க் கட்டடங்களை எழுப்பிய ஆளின் வேலையைப் பார்த்து அதிசயப்பட்டுத் திரும்பியிருக்கிறோம். திரும்பி வந்த பிறகும், எழும்பூர் ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரரோடு சண்டை போடும்போது நிமிர்ந்து பார்க்கவில்லை. டிக்கெட் இருந்தால்தான் நமக்கு அரண்மனை. செருப்பைக் கழற்றச் சொன்னால்தான் மரியாதை.

மைசூர்க்காரர்கள் நம்மைவிட உசத்தி என்று சொல்ல வரவில்லை. அங்கே ராஜ குடும்பம் தசராவை விடாமல் நடத்தியது, ஊர் கூடவே நின்றது, வருமானமும் வந்தது. இங்கே ராஜா கடனாளியாகப் போனார், வீடு ஏலம் போனது. தோற்றவர் வீட்டை யார் பார்க்கப் போவார்கள்? ஆனால் தோற்றவர் வீட்டில்தான் கம்பெனி இந்த நாட்டை எப்படி வாங்கியது என்ற கணக்கு இருக்கிறது. பிளாசியைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு நாம் சேப்பாக்கத்தைப் பற்றிப் பேசவில்லை என்பது என் குறை. பிளாசியில் ஒரு நாளில் நடந்ததைச் சேப்பாக்கத்தில் வட்டிக்கு மேல் வட்டி போட்டு முப்பது வருஷத்தில் நடத்தினார்கள்.

இப்போது ஹுமாயூன் மகாலையும் பொதுப்பணித் துறை பல கோடி செலவில் மீட்டிருக்கிறது. அங்கே விடுதலைப் போராட்ட அருங்காட்சியகம் அமைக்கப்போவதாக அரசு அறிவித்து, பொதுமக்களிடம் உள்ள பழைய பொருட்களையும் ஆவணங்களையும் கேட்டிருக்கிறது. சந்தோஷம்தான். ஒரு சின்னப் பயமும் உண்டு. விடுதலைப் போராட்டத்தின் படங்களை மாட்டும் சுவரிலேயே, அந்தச் சுவரின் கதையும் இருக்க வேண்டும். யாருடைய நெல்லை அடமானம் வைத்து இது எழுந்தது, யார் இதில் உட்கார்ந்து நாட்டை எழுதிக் கொடுத்தது, யார் இதை ஏலத்தில் எடுத்தது என்று தமிழில் படிக்கும்படி ஒரு பலகை வேண்டும். அதைக் கேட்க வேண்டியவர்கள் பக்கத்தில் இருப்பவர்கள். இதுவரை பக்கத்தில் இருந்து நாம் எதையும் கேட்கவில்லை.

கேட்பதற்கு இன்னும் இரண்டு இருக்கின்றன. கலச மகாலில் தீர்ப்பாயம் நடப்பதால் அன்றாடம் கூட்டம் போக முடியாது, சரி. மாதத்தில் ஒரு விடுமுறை நாளாவது பொதுமக்களை உள்ளே விடச் சொல்லலாம். தீயில் இறந்த அந்த அலுவலரின் பேரை அங்கே ஒரு கல்லில் பொறிக்கச் சொல்லலாம். நம் பேட்டைப் பள்ளிக்கூடங்கள் வருஷா வருஷம் வண்டலூருக்கும் மாமல்லபுரத்துக்கும் பஸ் எடுக்கின்றன. ஒரு வருஷம் பஸ் வேண்டாம். ரயில் டிக்கெட்டே போதும். ஆகஸ்ட் 22 மெட்ராஸ் தினத்துக்கு யார் யாரோ வெளியூரிலிருந்து வந்து நம் தெருக்களில் கேமராவோடு நடக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து வாலாஜா சாலை வரை போய் வருவதில் நமக்கு என்ன குறைச்சல்?

பழைய படம், நவாப் காலத்துக் கடிதம், பாட்டன் மராமத்து இலாகாவில் வேலை பார்த்தபோது வாங்கிய சான்றிதழ் என்று பரணில் எதுவாவது இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். நகல் எடுத்து அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள். மற்றவர்கள் ஒரு மனு எழுதுங்கள். எழிலகத்துக்கு மனு எழுதுவதில் நம்மைவிடத் தேர்ந்தவர்கள் இந்த ஊரில் யாரும் இல்லை; இத்தனை வருஷம் நமக்காக எழுதினோம், இந்த ஒன்றை அந்தக் கட்டடத்துக்காக எழுதுவோம்.